பின்சக்கரம் சூடாகிறது: முழு கேலிப்பரா, சீல் கிட்டா?

கேள்வி: என் காருக்கு ஆறு வயது, 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஹேண்ட் பிரேக் லீவர் கிடையாது, சுவிட்ச்தான். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் இடது பின்சக்கரம் மட்டும் கிட்டே போக முடியாத சூடு. கழற்றிப் பார்த்தேன். உள்பக்க பேட் 2 மி.மீ., வெளிப்பக்க பேட் 7 மி.மீ. இருக்கிறது. சுவிட்சை இழுத்தால் இடது மோட்டார் வலதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் முனகுகிறது. பார்க்கிங் பிரேக் விளக்கு எப்போதாவது மினுக்குகிறது. ஜி-கிளாம்ப் போட்டு பிஸ்டனை உள்ளே தள்ளினேன், அசையவே இல்லை. பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரை, மோட்டாரோடு முழுசாக மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களுக்கான கிட் வாங்கி நானே செய்யலாமா? ஸ்கேனர் இல்லாமல் முடியுமா?

பதில்: முதலில் அந்த ஜி-கிளாம்பை எடுத்து ஓரமாக வையுங்கள். பிஸ்டன் அசையவில்லை என்பதால் துருப்பிடித்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். உங்கள் கேலிப்பரின் முதுகில் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. அது பல்சக்கரங்கள் வழியாக ஒரு ஸ்பிண்டிலைச் சுழற்றும். ஸ்பிண்டிலின் மரையில் ஒரு நட்டு ஏறி இறங்கும். பிஸ்டன் உள்ளே குழிவாக இருக்கும். அந்தக் குழிக்குள்தான் நட்டு நகர்கிறது. சுவிட்சை இழுத்தால் நட்டு முன்னேறி பிஸ்டனின் உள்முகத்தை முட்டித் தள்ளும். விடுவித்தால் நட்டு பின்வாங்கும், ஆனால் பிஸ்டனைக் கையோடு இழுத்துக்கொண்டு வராது. பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயில் அழுத்தம் பிஸ்டனைத் தனியாகத் தள்ளும்.

பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், நட்டும் அதற்கேற்ப முன்னேறியே நிற்கும். சாதாரணமாகப் பிரேக்கை விடுவித்தால் நட்டு சிறிதளவுதான் பின்வாங்கும், முழுசாக உள்ளே போகாது. நீங்கள் கிளாம்ப் போட்டு அழுத்தியபோது பிஸ்டன் அந்த நட்டில் போய் முட்டி நின்றிருக்கலாம். மரை தானாகத் திரும்பாத வகையில் வெட்டப்பட்டது. மின்சாரம் இல்லாமலும் பார்க்கிங் பிரேக் பிடித்து நிற்பது அதனால்தான். எனவே எவ்வளவு அழுத்தினாலும் நட்டு விட்டுக்கொடுக்காது, அழுத்தம் முழுவதும் மரையிலும் அதன் பின்னாலுள்ள பேரிங்கிலும் இறங்கும். பழைய கேபிள் வகைக் கேலிப்பரில் பிஸ்டனைத் திருகி உள்ளே அனுப்பிப் பழகியவர்கள் இங்கேயும் திருகப் பார்ப்பார்கள். இந்த வகையில் பெரும்பாலும் திருகக் கூடாது, நட்டைப் பின்னுக்கு வாங்கிவிட்டு நேராக அழுத்த வேண்டும்.

அடுத்து, கேலிப்பர்தான் குற்றவாளியா என்று பார்க்க வேண்டும். எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம். பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு இடது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஓட்டி வந்த சூட்டில்தான் பிடிக்கிறது என்றால் சோதனையையும் ஓட்டி வந்த உடனேயே செய்யுங்கள், கனமான கையுறையோடு.

சக்கரம் இறுக்கமாக இருக்கிறதா? கேலிப்பரிலிருந்து காற்றை வெளியேற்றும் திருகான பிளீடர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி வந்து, அந்த நொடியே சக்கரம் லேசாகச் சுற்றினால் கேலிப்பரின் மேல் பழி போட வேண்டாம். அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. கேலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸின் உட்சுவர் வீங்கி ஒரு வழிக் கதவு மாதிரி ஆகிவிட்டதுதான் இதற்கு வழக்கமான காரணம். பெடல் அழுத்தம் உள்ளே போகும், திரும்பி வராது. புதுக் கேலிப்பர் போட்டாலும் இந்தச் சூடு நிற்காது.

நிப்பிளைத் திறந்தும் மாற்றம் இல்லை என்றால் அதை மூடிவிட்டு மோட்டாருக்கு வாருங்கள். சுவிட்சை யாரும் தொடாதபடி இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்து, நேராக வெளியே இழுங்கள். ஸ்பிண்டிலின் முனை தெரியும். பொருத்தமான டார்க்ஸ் பிட் (நட்சத்திர முனை) அல்லது சாக்கெட் வைத்துக் கையால் திருப்பலாம். பெரும்பாலானவற்றில் வலப்புறமாகத் திருப்பினால் நட்டு உள்ளே போகும். திருப்பத் திருப்ப இறுக்கம் கூடினால் திசை தவறு என்று பொருள். இப்படித் திருப்பியதும் சக்கரம் விடுபட்டால் கோளாறு மோட்டாரிலோ ஸ்பிண்டிலிலோ வயரிங்கிலோ இருக்கிறது. அப்படியும் விடவில்லை என்றால்தான் பிஸ்டன், கைடு பின் (கேலிப்பர் வழுக்கி நகரும் தண்டு), பேட் உட்காரும் இடம் ஆகிய மூன்றில் ஒன்று.

உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் இந்த மூன்றின் மேல்தான். உள் பேட் மட்டும் தேய்ந்திருக்கிறது. பிஸ்டன் பின்வாங்காவிட்டாலும் இப்படி ஆகும், கைடு பின் இறுகினாலும் ஆகும். பின் இறுகினால் கேலிப்பர் நகராது, வெளி பேட் வேலையே செய்யாமல் 7 மி.மீ.யில் சும்மா நிற்கும், உள் பேட் ஒற்றை ஆளாகத் தேயும். மோட்டார் நீண்டு முனகுவதும் இதோடு பொருந்துகிறது. நட்டு போதுமான அளவு அழுத்திவிட்டதா என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாரின் கரண்ட் ஏறுவதை வைத்துத்தான் கணிக்கிறது. கேலிப்பர் வழுக்கிப் போகாமல் முறுக்கிக்கொண்டு நின்றால் அழுத்தம் மெதுவாக ஏறும், மோட்டார் அதற்குள் கூடுதல் நேரம் ஓடும். ஒலியை மட்டும் வைத்து மோட்டாரைக் குப்பையில் போட வேண்டாம்.

இனி ஸ்கேனர். கோளாறுக் குறியீட்டை மட்டும் படிக்கும் சின்னக் கருவி இங்கே உதவாது. உங்கள் கார் மாடலுக்கு பார்க்கிங் பிரேக் சர்வீஸ் மோடு, அதாவது மோட்டாரை ஓட்டி நட்டை முழுசாகப் பின்னுக்கு வாங்கும் வசதி, உள்ள கருவியாக இருக்க வேண்டும். சில கார்களில் சுவிட்சையும் பெடலையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தியே சர்வீஸ் மோடுக்குப் போகலாம். உங்கள் காரின் கையேட்டில் அது இருந்தால் செய்யுங்கள், வேறு காரின் வரிசையைப் போட்டுப் பார்க்க வேண்டாம். பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டிவிட்டு சர்வீஸ் மோடு கொடுங்கள். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் நட்டு நடுவழியில் நின்றுவிடும். பழைய பேட்டரியால் விளக்கு மினுக்குவதும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மோட்டாரின் இரண்டு முனைக்கும் 12 வோல்ட் பேட்டரியை நேரடியாகக் கொடுத்து நட்டைப் பின்னுக்கு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் ஓடத்தான் செய்யும். ஆனால் கரண்ட்டைப் பார்த்து நிறுத்த ஆள் இல்லை. நட்டு கடைசியில் போய் முட்டியதும் அரை நொடி தாமதித்தால்கூட அங்கேயே கடித்துக்கொள்ளும், அல்லது பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பல் போகும். அவசரத்துக்கு என்றால் மேலே சொன்ன மாதிரி மோட்டாரைக் கழற்றி ஸ்பிண்டிலைக் கையால் திருப்புவது எவ்வளவோ மேல், எங்கே முட்டுகிறது என்று கைக்கே தெரியும். ஆனால் வேலை முடிந்ததும் சில கார்கள் ஸ்கேனர் வழியாக அளவீடு செய்தால்தான், அதாவது நட்டின் புது நிலையைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தால்தான், பார்க்கிங் பிரேக்கை ஏற்றுக்கொள்ளும். ஆகவே கடைசியில் ஒருநாளாவது ஸ்கேனர் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டு உள்ளே போனதும், சர்வீஸ் மோடில் இருந்தாலும், பார்க்கிங் பிரேக் ஃபியூஸை எடுத்துவிடுவது என் பழக்கம். பல கார்களில் இக்னிஷனை அணைத்தாலோ கதவைத் திறந்தாலோ பிரேக் தானாகப் போடும். டிஸ்க் ஆறிச் சுருங்கினால் சில நிமிடம் கழித்து மறுபடி இறுக்குகிற கார்களும் உண்டு. விரல் உள்ளே இருக்கும்போது அது நடக்கக் கூடாது.

வேலைக்கு முன் வாங்கி வைக்க வேண்டியவை: உங்கள் பிஸ்டன் விட்டத்துக்கான சீல் கிட், அதாவது சதுர வெட்டுள்ள பிஸ்டன் சீலும் டஸ்ட் பூட்டும் (தூசி புகாமல் தடுக்கும் ரப்பர் உறை), கைடு பின் பூட்டுகள் இரண்டு, மோட்டாருக்கும் கேலிப்பருக்கும் நடுவிலான ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு புதுச் செப்பு வாஷர், கார் கேட்கும் வகைப் பிரேக் ஆயில் ஒரு லிட்டர், மூடி திறக்காதது, பிரேக்குக்கென்றே உள்ள சிலிகான் கிரீஸ், ரப்பர் கிரீஸ், பிரேக் கிளீனர், இரண்டு பக்கத்துக்குமான பேட் செட். மலிவான கிட்டுகளில் ஸ்பிண்டில் துளைக்கான ஓ-ரிங் இல்லாமல் போகலாம். அதைக் கேட்டு வாங்குங்கள், ஏன் என்று கீழே வரும்.

பிஸ்டனை வெளியே எடுப்பதற்கு காரின் சொந்த பிரேக்கே நல்ல கருவி. ஹோஸைக் கழற்றாமல், கேலிப்பரை மட்டும் பிராக்கெட்டிலிருந்து எடுத்து, கம்பியில் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது. பிஸ்டனுக்கு எதிரே மரக்கட்டை வைத்து, இன்னொருவரை பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். விளிம்புவரை வந்ததும் நிறுத்தி, ஹோஸைக் கழற்றி, மீதியைக் கையால் இழுங்கள். ஹோஸைக் கழற்றும்போது பெடலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து வைத்தால் மேலே தொட்டியிலிருந்து ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்காது. பிரேக் விளக்கு எரியும், அதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சார்ஜர். காற்று அழுத்தத்தால் தள்ளுகிறேன் என்றால் கணக்கைப் பாருங்கள்: 40 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு பன்னிரண்டரை சதுர சென்டிமீட்டர். 4 பார் கொடுத்தால் ஐம்பது கிலோ எடை அளவுக்குத் தள்ளும், அதுவும் துப்பாக்கிக் குண்டு மாதிரி. விரலை முன்னால் வைத்துவிட்டு யோசிக்க நேரம் இருக்காது.

சில கேலிப்பர்களில் நட்டு பிஸ்டனுக்குள்ளேயே ஒரு வளையத்தால் பூட்டப்பட்டிருக்கும். அங்கே பெடலால் பிஸ்டன் ஓரளவு வந்து நின்றுவிடும். ஸ்பிண்டிலை எதிர்த்திசையில் திருப்பி நட்டை மரையிலிருந்து இறக்கினால் இரண்டும் சேர்ந்து வரும். நெம்பி எடுக்க வேண்டாம்.

பிஸ்டன் வெளியே வந்ததும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சீல் உராயும் பகுதியில் நகத்தை ஓட்டுங்கள். குழியோ மேல்பூச்சு உரிந்த இடமோ நகத்தில் தட்டினால் பிஸ்டன் மாற்ற வேண்டும். எமரி போட்டுத் தேய்த்துச் சமாளிக்க முடியாது, தேய்த்த இடத்தில் மீதிப் பூச்சும் போய்விடும். கேலிப்பரின் உள்சுவரில் உள்ள லேசான கீறல் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். சீல் கேலிப்பரின் பள்ளத்தில் உட்கார்ந்து பிஸ்டனைத்தான் தழுவுகிறது. ஆயிலை நிறுத்துகிற முகம் பிஸ்டனுடையது.

உண்மையான எதிரி அந்தப் பள்ளத்துக்குள் ஒளிந்திருப்பான். சீலைப் பிளாஸ்டிக் அல்லது மரக் குச்சியால் கிளப்பி எடுங்கள். இரும்பு ஊசி பள்ளத்தின் ஓரத்தைக் கீறிவிடும். இப்போது பள்ளத்தின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புத் தூளோ சாம்பல் நிறப் பொருக்கோ ஒரு மெல்லிய படிவமாக ஒட்டியிருக்கும். அது சீலைப் பின்னாலிருந்து பிஸ்டன் மேல் அழுத்துகிறது. பெடலை விட்டதும் பிஸ்டனைப் பத்தில் சில பங்கு மில்லிமீட்டர் பின்னுக்கு இழுப்பது இந்தச் சீல்தான். மிதிக்கும்போது அது சாய்ந்து கொடுக்கும், விட்டதும் நிமிரும். அடியில் பொருக்கு இருந்தால் சாய இடமில்லை, பிஸ்டன் அதில் வழுக்கி முன்னேறி அங்கேயே நின்றுவிடும். பள்ளத்தைச் சுத்தம் செய்யாமல் புதுச் சீலைப் போட்டவர்களின் கார் இரண்டு மாதத்தில் திரும்பி வருவது இதனால்தான். முனை தட்டையாகச் சீவிய மரக்குச்சியில் துணியைச் சுற்றி, பிரேக் கிளீனர் நனைத்து, பள்ளத்தைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். உலோகம் சீராகப் பளிச்சிடும்வரை விடாதீர்கள். மேல் ஓரத்தில் டஸ்ட் பூட் உட்காரும் பள்ளத்துக்கும் அதே கவனிப்பு தேவை. அந்த இடத்திலேயே உலோகம் அரித்துக் குழியாகியிருந்தால் சீல் கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழு கேலிப்பருக்குப் போங்கள்.

ஸ்பிண்டிலுக்கு வருவோம். அது பிரேக் ஆயில் நிறைந்த அறையிலிருந்து முதுகுப் பக்கம் மோட்டாருக்கு வெளிவருகிறது. அந்தத் துளையை அடைத்திருப்பது ஒரு சின்ன ஓ-ரிங். மோட்டார் உட்காரும் குழியில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பிரேக் ஆயில், ஸ்பிண்டில் ஓ-ரிங் போயிற்று. பழுப்புத் தண்ணீராக இருந்தால் வெளியிலிருந்து வந்தது, மோட்டாரின் ஓ-ரிங் அல்லது அதன் உறையில் விரிசல். ஸ்பிண்டிலை விரலால் திருப்பிப் பாருங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கரகரத்தாலோ, இடையில் கடித்தாலோ, நட்டு மரையில் ஆடினாலோ அந்தக் கேலிப்பருக்குச் சீல் கிட் போடுவது வீண். பார்க்கிங் பிரேக்கின் முழுப் பாரமும் அந்த மரையில்தான் நிற்கிறது. அதில் ஒப்பேற்றல் வேண்டாம்.

மோட்டாரைச் சோதிக்க, கனெக்டரை மாட்டி, கையில் பிடித்துக்கொண்டு, ஃபியூஸைத் திரும்பப் போட்டு, சர்வீஸ் மோடிலிருந்து வெளிவந்து, வேறொருவரைச் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். முனை இரண்டு திசையிலும் தயங்காமல் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் தடுமாறினால் முதலில் கனெக்டர் முனைகளைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து மறுபடி சோதியுங்கள். நீங்கள் சொன்ன மினுக்கல் இங்கிருந்தும் வந்திருக்கலாம். இந்தச் சோதனை ஒரு கோளாறுக் குறியீட்டைப் பதிவு செய்துவிடும், கடைசியில் அழித்துக்கொள்ளலாம். மோட்டாரில் மட்டும் கோளாறு என்றால் பல கார்களுக்கு அது தனியாகவே கிடைக்கிறது.

கைடு பின் இரண்டும் கையால் இழுத்தால் வர வேண்டும், தள்ளினால் போக வேண்டும். துளையின் பழைய கிரீஸை முழுக்க எடுத்துவிட்டுச் சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். அள்ளி அப்பினால் பின் உள்ளே போகும்போது கிரீஸும் காற்றும் அடைபட்டு அதுவே ஸ்பிரிங் மாதிரி வெளியே தள்ளும். பூட்டின் உதட்டை லேசாக விலக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஒரு பின்னில் மட்டும் ரப்பர் உறை இருந்தால் அது எந்தத் துளையில் இருந்ததோ அங்கேயே போக வேண்டும். பேட்டின் காது உட்காரும் எஃகுக் கிளிப்பைக் கழற்றி அடியில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுங்கள். துரு கிளிப்பைத் தூக்கிப் பிடித்தால் பேட் இறுகும். விரலால் தள்ளி நகராத பேட்டைச் சுத்தியலால் அடித்து உட்கார வைக்காதீர்கள்.

மாட்டும்போது சீல், பிஸ்டன் இரண்டிலும் புதுப் பிரேக் ஆயில் அல்லது ரப்பர் கிரீஸ் மட்டும். பேச்சில் ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை, கிளைக்கால் வகைத் திரவம். இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ், டீசல் எது பட்டாலும் இந்த ரப்பர் ஊதிவிடும். சீல் பள்ளத்தில் முறுக்கு இல்லாமல் உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். பல வகைகளில் டஸ்ட் பூட்டை முதலில் பிஸ்டனில் மாட்டி, அதன் வெளி உதட்டைக் கேலிப்பர் பள்ளத்தில் பதித்துவிட்டு, பிறகு பிஸ்டனை இறக்க வேண்டும். நட்டின் தட்டை முகங்கள் பிஸ்டனின் உள்வடிவத்தோடு சேர வேண்டும். சேராவிட்டால் பாதியில் நிற்கும், சற்றே திருப்பிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் அழுத்தத்திலேயே நேராக இறங்க வேண்டும். பிஸ்டன் முகத்தில் வெட்டு இருந்து பேட்டில் அதற்கேற்ற முனை இருந்தால் இரண்டும் பொருந்தும்படி பாருங்கள். மோட்டாரைப் புது ஓ-ரிங்கோடு கையாலேயே முழுசாக உட்கார வைத்த பிறகு ஸ்க்ரூவை முடுக்குங்கள். ஸ்க்ரூவால் இழுத்து உட்கார வைத்தால் அதன் காது உடையும். முடுக்க அளவுகள் உங்கள் கார் கையேட்டில் உள்ளபடி, டார்க் ரெஞ்சால். பிராக்கெட் போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று கையேடு சொன்னால் புதுசு போடுங்கள்.

ஏர் எடுக்கும்போது, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும்போது, நிப்பிள் கேலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாறிப் போட்டுவிட்டால் நிப்பிள் கீழே வரும், எத்தனை லிட்டர் ஊற்றினாலும் காற்று வராது. தொட்டியில் அளவு இறங்கவே விடாதீர்கள். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் கேட்கிற காரில் டாட் 5 ஊற்றக் கூடாது. அது சிலிகான் வகை, பெயரில்தான் அடுத்தது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இனி வரிசை முக்கியம். முதலில் பெடலைப் பலமுறை மிதித்து பேட் டிஸ்க்கில் உட்கார்ந்து பெடல் கெட்டியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் சர்வீஸ் மோடை முடித்து அளவீடு செய்ய வேண்டும். பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி இருக்கும்போதே சுவிட்சைப் போட்டால் நட்டு தேவைக்கு மேல் ஓடி, கட்டுப்பாட்டுப் பெட்டி குழம்பிக் கோளாறு காட்டும். சுவிட்சை ஐந்து முறை போட்டு விடுவியுங்கள், இரண்டு மோட்டாரும் ஏறக்குறைய ஒரே நேரம் ஒலிக்க வேண்டும். குறியீடுகளை அழித்துவிட்டு, ஸ்டாண்டில் இருக்கும்போதே இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் சத்தம் பரவாயில்லை; சுற்றிவிட்ட சக்கரம் உடனே நின்றால் சரியில்லை.

ஆயில் பட்ட பேட்டைக் கழுவிப் போட வேண்டாம். பேட்டை இரண்டு பக்கமும் மாற்றுங்கள். டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தாலோ குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போயிருந்தாலோ அதையும் ஜோடியாக. குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் டிஸ்க்கின் ஓரத்திலேயே பொறித்திருக்கும். பிரேக் கெட்டியாக இருக்கிறது என்று நின்ற இடத்திலேயே உறுதி செய்துகொண்டு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி வந்து, கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் நிறுத்தி, இரண்டு பின்சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். இடது இன்னமும் தெளிவாகச் சூடாக இருந்தால் மறுபடி நிப்பிள் சோதனையிலிருந்து தொடங்குங்கள். அதோடு நிப்பிள், ஹோஸ் போல்ட், மோட்டார் குழியின் ஓரம் மூன்றையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை ஒற்றுங்கள்.